நேரம் சார் ஒருமுறைக் கடவுச்சொல்

நேரம் சார் ஒருமுறைக் கடவுச்சொல், சுருக்கமாக டி.ஓ.டி.பி., இணையச் செயலிகளில் வழக்கமான கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது அடுக்காகச் சேர்க்கப்படும் சரிபார்ப்பு முறை. பயனரின் கைபேசியும் செயலியின் சர்வரும் ஒரே இரகசியத் திறவுகோலை வைத்துக்கொண்டு, 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைத் தனித்தனியே கணக்கிடுகின்றன. இரண்டும் ஒத்துப்போனால் உள்ளே நுழையலாம். வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஓ.டி.பி. வேறு, இங்கே எண்ணை யாரும் அனுப்புவதில்லை. அதனால் சிக்னல் இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும். ஏமாற்றி மாற்று சிம் வாங்கிக் குறுஞ்செய்திகளைத் திருடுபவருக்கும் இதில் பலன் கிடைக்காது.

இதன் மூத்த வடிவம் 2005 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 4226 என்ற ஆவணமாக வந்தது. அதில் நேரத்துக்குப் பதில், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஒன்று கூடும் எண்ணி இருந்தது. எண்ணியின் இடத்தில் கடிகாரத்தை வைத்த ஆர்.எஃப்.சி. 6238 வெளியானது 2011 மே மாதம். கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற கைபேசிச் செயலிகள் இம்முறையைப் பரவலாக்கின. எம்ஆதார் செயலி காட்டும் எட்டு இலக்க எண்ணும் இந்த வகையே.

கணக்கிடும் முறை

1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, உலகப் பொது நேரப்படி, கழிந்த விநாடிகளை 30ஆல் வகுத்து, மீதியைத் தள்ளினால் கிடைப்பது படி எண். அதையும் திறவுகோலையும் எச்மாக்-ஷா-1 என்ற ஹாஷ் சார்பில் இட்டால் 20 பைட் வரும். கடைசி பைட்டின் கடைசி நான்கு பிட்டுகள், எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதைக் காட்டும். அங்கிருந்து நான்கு பைட்டை எடுத்து, முதல் பிட்டைச் சுழியாக்கி, பத்து இலட்சத்தால் வகுத்தால் வரும் மீதியே திரையில் தெரியும் எண்.

ஆர்.எஃப்.சி. 6238 ஆவணத்தின் சோதனைத் திறவுகோல் 12345678901234567890 என்ற இருபது எழுத்துகள். 59ஆம் விநாடியில் படி எண் 1; நான்கு பைட்டின் மதிப்பு 1094287082; விடை 287082. அதே திறவுகோலுக்கு 1234567890ஆம் விநாடியில் வருவது 005924. நிரலில் இதை முழு எண்ணாக வைத்தால் முன்னிருக்கும் சுழிகள் உதிர்ந்து 5924 ஆகிவிடும். பயனர் சரியாகத் தட்டியும் உள்ளே போக முடியாது. எண்ணை எழுத்துத் தொடராகவே ஒப்பிட வேண்டும்.

ஷா-1 உடைந்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. 2017இல் காட்டப்பட்டது இரு வேறு கோப்புகளுக்கு ஒரே விடை வரவைக்கும் தாக்குதல். எச்மாக் அமைப்பை அது பாதிப்பதில்லை. ஷா-256 பயன்படுத்தவும் ஆவணம் இடம் தருகிறது, ஆனால் சில கைபேசிச் செயலிகள் அந்தத் தேர்வைக் கவனியாமல் ஷா-1இலேயே கணக்கிடுகின்றன. பழையதையே வைத்துக்கொள்வது தொல்லையில்லாதது.

செயலியில் அமைத்தல்

கணக்கீட்டை எழுதுவது ஒரு பிற்பகல் வேலை. பைதானில் பைஓடிபி போன்ற லைப்ரரிகள் இருப்பதால் அதுகூடத் தேவையில்லை. பிழைகள் நேர்வது அதைச் சுற்றியுள்ள வேலைகளில்தான்.

பாதுகாப்புக்கு ஏற்ற சீரற்ற எண் உருவாக்கியிலிருந்து 20 பைட் எடுத்துத் திறவுகோலாக்குவது முதல் வேலை. அதை பேஸ்32 முறையில் எழுதினால் 32 எழுத்துகள் வரும், அதுவே க்யூ.ஆர். கோடாகப் பயனருக்குக் காட்டப்படும். இந்தப் படத்தை வெளியார் இணையச் சேவையில் உருவாக்குவது, திறவுகோலை அவர்கள் கையில் கொடுப்பதற்குச் சமம். பயனர் ஒரு சரியான எண்ணைத் தட்டிக் காட்டும்வரை இரண்டாவது அடுக்கை இயக்கத்துக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால், ஸ்கேன் சரியாகாமல் பக்கத்தை மூடியவர், தன் கணக்குக்கு வெளியிலேயே நின்றுவிடுவார்.

கடவுச்சொல்லை ஹாஷ் செய்து வைப்பதுபோல் இந்தத் திறவுகோலை வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கணக்கிட மூலவடிவம் வேண்டும். எனவே மறையாக்கம் செய்து தரவுத்தளத்திலும், மறையாக்கச் சாவியை அதற்கு வெளியிலும் வைக்க வேண்டும். 2011 மார்ச்சில் ஆர்.எஸ்.ஏ. நிறுவனத்தின் செக்யூர்ஐடி என்ற ஒருமுறைக் கடவுச்சொல் டோக்கன்கள் தொடர்பான தகவல்கள் திருடு போயின. அது வேறொரு தனியுரிமை முறை என்றாலும், இரு தரப்பிலும் ஒரே இரகசியம் என்ற அடிப்படை ஒன்றுதான். வாடிக்கையாளர்களின் டோக்கன்களை மாற்றித் தர நிறுவனம் முன்வர வேண்டியதாயிற்று.

சரிபார்க்கும்போது கடிகார வேறுபாட்டுக்காக ஒரு படி முன்னும் பின்னும் ஏற்பது வழக்கம். அதற்கு மேல் தளர்த்தினால், சர்வரின் நேரம், கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்.டி.பி. வழியாகச் சீராக இல்லை என்ற கோளாறுதான் மறைக்கப்படும். ஒருமுறை ஏற்ற எண்ணை மறுபடி ஏற்கக் கூடாது என்பது ஆவணத்தின் கட்டாய விதி; அதிகம் மீறப்படுவதும் இதுவே. லைப்ரரி, எண் சரியா என்று மட்டும் சொல்லும். கடைசியாக ஏற்ற படி எண்ணைக் கணக்குவாரியாகப் பதிந்து, அதற்குச் சமமானதையும் குறைந்ததையும் மறுப்பது செயலியின் பொறுப்பு.

முயற்சிகளுக்கு வரம்பும் கட்டாயம். மூன்று படிகளை ஏற்கும் சர்வரில், ஒவ்வொரு ஊகத்துக்கும் பத்து இலட்சத்தில் மூன்று வாய்ப்பு. விநாடிக்குப் பத்து முறை முயலும் நிரல் சராசரியாக ஒன்பதேகால் மணி நேரத்தில் உள்ளே போய்விடும். வரம்பைக் கணக்குக்கு வைக்க வேண்டும்; ஐ.பி. முகவரிக்கு மட்டும் வைத்தால் முகவரியை மாற்றிக்கொண்டே முயல்வார்கள்.

கைபேசி தொலைந்தவருக்காக, ஒருமுறை மட்டும் செல்லும் மீட்புக் குறியீடுகளைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். இவற்றை ஹாஷ் செய்தே சேமிக்கலாம். மின்னஞ்சல் இணைப்பைச் சொடுக்கினாலே இரண்டாவது அடுக்கு நீங்கிவிடும் என்று அமைத்தால், அந்த அடுக்கின் வலிமை மின்னஞ்சலின் வலிமை மட்டுமே.

வரம்பு

போலிப் பக்கத்தை இம்முறை தடுக்காது. பயனர் அங்கே தட்டும் எண்ணை, 30 விநாடி முடிவதற்குள் உண்மையான தளத்துக்கு அனுப்பிவிடும் கருவிகள் புழக்கத்தில் உள்ளன. 2019 மார்ச்சில் இணைய உள்நுழைவுத் தரமாக ஏற்கப்பட்ட வெப்ஆத்தனும், அதன் மேல் அமைந்த பாஸ்கீயும் தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டவை என்பதால் இதற்கு இடம் தருவதில்லை. நிர்வாகிகளின் கணக்குகளுக்குப் பாஸ்கீயே தகுந்தது. மற்றவர்களுக்கு, குறுஞ்செய்தி ஓ.டி.பி.யை விட டி.ஓ.டி.பி. மேலானது, செலவும் குறைவு.