தானுந்து உட்புற நெகிழிப் பாகங்களைச் சீரமைத்தல்

தானுந்து உட்புற நெகிழிப் பாகங்களைச் சீரமைத்தல் என்பது, ஊர்தியின் உள்ளே விரிசல் கண்ட அல்லது உடைந்த பிளாஸ்டிக் உறைகளை ஒட்டி, பட்டி பார்த்து, மீண்டும் வண்ணம் பூசும் செயல்முறை ஆகும். டாஷ்போர்டு எனப்படும் முகப்புப் பலகை, கதவுகளின் உட்பலகை, முன்னிருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டி, கூரையைத் தாங்கும் தூண்களின் உறை ஆகியவை இப்பாகங்களுள் அடங்கும். உற்பத்தி நின்றுபோன ஊர்திகளுக்குப் புதிய உறைகள் கிடைப்பது அரிது என்பதால் இம்முறை பெரிதும் பயன்படுகிறது. பாகம் எவ்வகை நெகிழியால் ஆனது என்பதை முதலில் அறிவதே இதன் அடிப்படை. காற்றுப்பைகளை மூடியுள்ள பாகங்களை இம்முறையில் சீரமைக்கக் கூடாது.

வரலாறு

1907 ஆம் ஆண்டில் லியோ பேக்லாந்து உருவாக்கிய பேக்கலைட்டு, தொடக்ககாலத் தானுந்துகளில் குமிழ்களுக்கும் மின்சுற்று உறுப்புகளுக்கும் பயன்பட்டது. அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், இசுட்டைரீன் ஆகிய மூன்றும் சேர்ந்த ஏபிஎஸ் நெகிழியை 1954 இல் அமெரிக்காவின் போர்க்-வார்னர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் இத்தாலிய வேதியியலாளர் கியூலியோ நத்தா படிக வடிவப் பாலிபுரோப்பிலீனைத் தயாரித்தார். 1957 இல் அதன் வணிக உற்பத்தி தொடங்கியது. இத்துறை ஆய்வுகளுக்காக நத்தாவுக்கும் கார்ல் சீக்லருக்கும் 1963 இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய தானுந்து உறைகளுள் பெரும்பாலானவை இவ்விரு நெகிழிகளாலோ அவற்றின் கலவைகளாலோ ஆனவை.

விரிசல் ஏற்படக் காரணங்கள்

வெப்பம்: வெயிலில் நிறுத்தப்பட்ட ஊர்தியில் மிக அதிகமாகச் சூடாவது முகப்புப் பலகையே. அரிசோனாவின் டெம்பி நகரில் செய்யப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற தானுந்துகளின் முகப்புப் பலகை சராசரியாக ஏறத்தாழ 69 பாகை செல்சியசு வெப்பநிலையை எட்டியது.

விரிவு வேறுபாடு: நெகிழி எஃகைவிடப் பன்மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஏபிஎஸ் பலகை, வெப்பநிலை 40 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள எஃகுச் சட்டம் அரை மில்லிமீட்டர் மட்டுமே நீளும். பலகை சட்டத்துடன் திருகாணியால் இறுக்கப்பட்டிருப்பதால், இந்த வேறுபாடு முழுவதும் திருகாணித் துளைகளைச் சுற்றித் தகைவாகச் சேர்கிறது. விரிசல்கள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

புற ஊதாக் கதிர்: இது நெகிழியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டிக்கிறது. ஏபிஎஸ் நெகிழிக்கு மீள்தன்மை தரும் பியூட்டாடையீன் பகுதியே முதலில் சிதைவதால், பாகம் மஞ்சளித்து நொறுங்கும் தன்மை பெறுகிறது.

மென்மையாக்கி இழப்பு: நுரையின்மேல் பிவிசி தோல் போர்த்திய பலகைகளில், தோலை நெகிழ்வாக வைத்திருக்கும் வேதிப்பொருள் நாளடைவில் ஆவியாகிவிடுகிறது. தோல் சுருங்கி வெடிக்கிறது. 1974 முதல் 1993 வரை உற்பத்தியான வோல்வோ 240 ஊர்தியின் முகப்புப் பலகை இவ்வகை வெடிப்புக்குப் பேர்பெற்றது.

நெகிழியின் வகையை அறிதல்

பன்னாட்டுச் சீர்தரம் 11469 இன்படி, பாகத்தின் பின்புறத்தில் இரு அம்புமுனைக் குறிகளுக்கு இடையே நெகிழியின் சுருக்கப்பெயர் அச்சிடப்படுகிறது. இக்குறி இல்லாத பழைய பாகங்களுக்குக் கீழ்க்காணும் சோதனைகள் உதவும்.

நீர்ச் சோதனை: பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம், ஆகவே அது நீரில் மிதக்கும். ஏபிஎஸ் நெகிழியின் அடர்த்தி ஏறத்தாழ 1.05 கிராம் என்பதால் அது மூழ்கும். ஆயினும் டால்க் தூள் மிகுதியாகக் கலந்த பாலிபுரோப்பிலீனும் மூழ்கக்கூடும். எனவே இச்சோதனையை மட்டும் நம்பலாகாது.

அசிட்டோன் சோதனை: பாகத்தின் பின்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு துளி அசிட்டோன் இட வேண்டும். ஏபிஎஸ் இளகி ஒட்டும் தன்மை பெறும். பாலிபுரோப்பிலீனில் மாற்றம் இராது.

எரித்துப் பார்க்கும் சோதனை நச்சுப்புகை தருவதால் தவிர்க்கத்தக்கது.

ஒட்டும் முறைகள்

ஏபிஎஸ் பாகங்களுக்குக் கரைப்பான் முறை ஏற்றது. ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்தால் கூழ் போன்ற பசை கிடைக்கும். 1963 முதல் ஏபிஎஸ் கொண்டு வார்க்கப்படும் லெகோ கட்டைகளையும் இதற்குப் பயன்படுத்தலாம். இக்கூழ் விரிசலின் இரு பக்கங்களையும் கரைத்து ஒன்றாக்குகிறது. அசிட்டோன் ஆவியானதும் ஒரே நெகிழித் துண்டாக இறுகுகிறது. கூழ் மிகுந்தால் மெல்லிய பாகம் வளைந்துவிடும். பாலிகார்பனேட்டு கலந்த பாகங்கள் அசிட்டோன் பட்டால் மேலும் வெடிக்கக்கூடும். அவற்றுக்கு எபாக்சி பசை பொருத்தமானது.

பாலிபுரோப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் குறைவு என்பதால் சாதாரணப் பசைகள் அதில் பிடிப்பதில்லை. அதே நெகிழியாலான கம்பியை வெப்பத்தால் உருக்கிப் பற்றவைப்பதே உறுதியான வழி. உடைந்த இடத்தின் பின்புறத்தில் துருப்பிடிக்காத எஃகு வலையைச் சூடாக்கி அழுத்திப் பதிப்பதும் உண்டு.

சிறிய உடைவுகளுக்குச் சயனோஅக்ரிலேட்டு பசை பயன்படுகிறது. 1942 இல் கண்டறியப்பட்டு 1958 முதல் விற்பனைக்கு வந்த இப்பசையின்மேல் சமையல் சோடா தூவினால் அது நொடிகளில் இறுகி, இடைவெளியையும் நிரப்பும். எனினும் இவ்வொட்டு நொறுங்கும் தன்மையுடையது. வளையும் இடங்களுக்கு ஏற்றதன்று.

செய்முறை

1. மின்கலத்தின் இணைப்பை நீக்கி, கையேட்டில் கூறியுள்ள நேரம் காத்திருந்து, நெகிழி ஆப்பினால் கிளிப்புகளை விடுவித்துப் பாகத்தைக் கழற்ற வேண்டும். இரும்புத் திருப்புளி கொண்டு நெம்பினால் கிளிப்புகள் உடையும்.

2. சோப்பு நீரால் கழுவி, உலர்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்ககால் கொண்டு துடைக்க வேண்டும். பளபளப்பூட்டும் சிலிக்கோன் மெருகு எஞ்சியிருந்தால், பின்னர் வண்ணம் மீன்கண் போன்ற குழிகளாகப் பிரியும்.

3. விரிசலின் முனையில் 2 முதல் 3 மில்லிமீட்டர் துளையிட வேண்டும். கூரிய முனையில் குவியும் தகைவு வட்டத் துளையில் பரவுவதால் விரிசல் மேலும் ஓடாது.

4. விரிசலை ஆங்கில "வி" எழுத்து வடிவில் அகலப்படுத்தி ஒட்ட வேண்டும். பின்புறத்தில் கண்ணாடியிழை வலையை வைத்து வலுவூட்ட வேண்டும். கரைப்பான் ஒட்டுக்குக் குறைந்தது ஒரு நாள் தேவை.

5. நெகிழிக்குரிய வளையும் பட்டியைப் பூசி, 180, 320, 400 என்ற வரிசையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும்.

6. தேய்த்த இடத்தில் தோல் போன்ற வரிகள் அழிந்துபோகும். அவற்றை மீட்பதே இவ்வேலையின் கடினமான பகுதி. வரிகள் தரும் தெளிப்புப் பூச்சைப் பயன்படுத்தலாம். அல்லது நல்ல பகுதியிலிருந்து சிலிக்கோன் இரப்பரால் அச்செடுத்து, இறுகாத பட்டியின்மேல் அழுத்தலாம்.

7. முதற்பூச்சு இட வேண்டும். பாலிபுரோப்பிலீனுக்கு அதற்கு முன் ஒட்டுந்திறன் கூட்டும் பூச்சு இன்றியமையாதது.

8. 20 முதல் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து, மெல்லிய பூச்சுகளாக மூன்று அல்லது நான்கு முறை வண்ணம் தெளிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரக்காற்று வண்ணத்தின்மேல் வெண்படலம் படியச் செய்யும் என்பதால் வறண்ட நாளே ஏற்றது. தொட்டால் உலர்ந்தது போலிருந்தாலும், முழுமையாக இறுகச் சில நாட்கள் ஆகும்.

முகப்புப் பலகையின் மேற்பகுதிக்கு மங்கலான வண்ணமே பூச வேண்டும். பளபளப்பான பூச்சு முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கும்.

பாதுகாப்பு

காற்றுப்பை மோதலின்போது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரத்தில் விரிகிறது. அதன் மூடி, உட்புறத்தில் மெலிதாக்கப்பட்ட ஒரு கோட்டின் வழியே கிழியுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. இக்கோட்டின்மேல் பசையோ பட்டியோ வலையோ இட்டால் மூடி திறப்பது தாமதமாகலாம். இறுகிய துண்டுகள் பயணியின் முகத்தை நோக்கிப் பாயலாம். திரைக் காற்றுப்பை உள்ள ஊர்திகளில் தூண் உறைகளுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் தானுந்துகளுக்கு ஓட்டுநர் காற்றுப்பை 2019 சூலை முதல் கட்டாயமாக்கப்பட்டது. விரிசல் கண்ட மூடியைப் புதியதாக மாற்றுவதே முறை.

அசிட்டோன் ஆவி −20 பாகை செல்சியசிலேயே தீப்பற்றும் அளவுக்குச் சேரும். ஆதலால் அருகில் நெருப்போ மின்பொறியோ இருக்கலாகாது. பிவிசி சூடானால் ஐதரசன் குளோரைடு வளி வெளிப்படும். இருகூற்று வண்ணங்களிலுள்ள ஐசோசயனேட்டு ஆத்துமாவை உண்டாக்கக்கூடியது. அதைத் துணி முகமூடியோ தூசு முகமூடியோ தடுப்பதில்லை. அவ்வகை வண்ணங்களை, வெளிக்காற்று செலுத்தும் மூச்சுக்கவசம் உள்ள பட்டறைகளே கையாள வேண்டும்.

உட்புறப் பொருட்கள் தீப்பரவும் வேகத்திற்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவின் கூட்டரசு இயங்கூர்திப் பாதுகாப்புத் தரம் 302 இன்படி, இவ்வேகம் நிமிடத்திற்கு 102 மில்லிமீட்டரை விஞ்சக் கூடாது. தடிமனான பட்டியும் பல அடுக்கு வண்ணமும் பாகத்தின் தீத்தன்மையை மாற்றக்கூடும் என்பதால், தேவைக்கு மேல் பூசாதிருத்தல் நன்று.

வரம்புகள்

புற ஊதாக் கதிரால் முழுவதும் நொறுங்கும் நிலையடைந்த பாகத்தில், ஒரு விரிசலை ஒட்டினால் அருகில் மற்றொன்று தோன்றும். எடை தாங்கும் கைப்பிடிகளிலும் அடிக்கடி வளையும் கீல்களிலும் ஒட்டு நீடிப்பதில்லை. ஒட்டும் தன்மையடைந்த மென்பூச்சு, விரிசலிலிருந்து வேறுபட்ட சிக்கலாகும். அது பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தால் சிதைவதனால் ஏற்படுவது. ஐசோபுரொப்பைல் ஆல்ககால் கொண்டு அப்பூச்சை முழுவதும் நீக்கியபின்னரே வண்ணம் பூச வேண்டும்.

இவற்றையும் பார்க்க

நெகிழி
பாலிபுரோப்பிலீன்
சயனோஅக்ரிலேட்டு
காற்றுப்பை