பேராதனையின் முதிரைப் பாலம்

இணைந்த கணிதத்தில் விசைத் துணிப்பு என்றாலே பயப்படும் பிள்ளைகளுக்கு நம்ம ஊர் வரலாறு ஒன்று.

1833இல் ஜோன் பிரேசர் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஒரு வில்பாலம் கட்டினார். பெரும்பாலும் முதிரை மரம். நீளம் 205 அடி. நடுவில் தூண் கிடையாது. ஆணியோ போல்ட்டோ இல்லை என்று அந்தக் காலத்தவர்கள் வியந்து எழுதினார்கள்.

வியப்புக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. உச்சியில் ஏறும் சுமை இரு பக்கமும் சரிந்த விசைகளாகப் பிரியும். மரத்துண்டுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று நெருக்கும். பிரிந்து போகப் பார்க்காது. கரையில் அந்தச் சரிந்த விசையைத் துணித்துப் பாருங்கள்: நிலைக்குத்துக் கூறு நிலத்தை அமுக்கும், கிடைக்கூறு கரையை வெளியே தள்ளும். வில் தட்டையானால் தள்ளல் கூடும்.

1905இல் கழற்றும்வரை, 70 வருடத்துக்கு மேலாக, இரு கரைகளும் அந்தத் தள்ளலைத் தாங்கின.

பிள்ளைகளே, கிடைக்கூறை மறந்தால் பரீட்சையில் புள்ளி போகும். பாலத்தில் உயிர் போகும்.