ஒரு புழு, இரண்டு பெயர், ஒரு குளவி

எங்கள் பக்கத்தில் தேங்காய்த்திட்டு என்று ஓர் இடம். இன்று அங்கே போனால் மீன்பிடித் துறைமுகமும் அலையாத்திச் செடிகளும்தான் கண்ணில் படும். ஆனாலும் பெயரில் தேங்காய் இருக்கிறதே, அதனால் இந்தப் பதிவு தென்னையில் தொடங்குகிறது.

தென்னை ஓலை தீயில் வாட்டியதுபோல் காய்ந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கீற்றைத் திருப்பினால் நூலும் எச்சமும் கலந்த ஒரு கூடு, அதற்குள் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப் புழு. விவசாயிகளுக்குப் புழுவைத் தெரியும். அது வளர்ந்து என்ன ஆகிறது என்று கேட்டால்தான் சிக்கல். இரவில் பறக்கும், இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் அகலமுள்ள சாம்பல் நிற அந்துப்பூச்சி அது. விளக்கடியில் வந்து விழும் நூறு சாம்பல் பூச்சிகளில் அது எது என்று யார் சொல்வது?

லண்டன் அருங்காட்சியகத்தில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த பிரான்சிஸ் வாக்கர் 1864-ல் இந்தப் பூச்சிக்கு 'ஓபிசினா அரினோசெல்லா' என்று பெயர் வைத்தார். 1905-ல் எட்வர்ட் மேரிக் அதையே புதுப் பூச்சி என்று நினைத்து 'நெஃபான்டிஸ் செரினோபா' என்றார். மேரிக் இங்கிலாந்தில் பள்ளிக்கூட வாத்தியார். தபாலில் வந்த பூச்சிகளை வைத்தே பல்லாயிரம் இனங்களுக்குப் பெயர் சூட்டியவர்! இரண்டும் ஒன்றுதான் என்று தெளிவாவதற்கு 1980-கள் வந்துவிட்டன. அதுவரை நம் வேளாண்மைப் புத்தகங்கள் எல்லாம் மேரிக் வைத்த பெயரையே எழுதின.

செத்த பூச்சியை ஊசியில் குத்திப் பார்த்தால் இறக்கை தெரியும், அது எதைத் தின்றது என்று தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க இந்தியாவில் பெரிய அளவில் முயன்றவர் டி. பெய்ன்பிரிக் ஃபிளெட்சர். கடற்படையில் கணக்குப் பார்த்தவர், பூச்சிப் பைத்தியம் பிடித்து இந்தப் பக்கம் வந்தார். முதலில் சென்னை மாகாணத்தில் வேலை, பிறகு பீகாரில் உள்ள பூசாவில். புழுவை அது தின்னும் செடியோடு கொண்டுவந்து, தினமும் புது இலை போட்டு, கூட்டுப்புழுவாகிப் பூச்சி வெளிவரும்வரை காத்திருப்பதுதான் முறை. கருந்தலைப் புழு என்றால் புழுவாக மட்டும் ஏறக்குறைய நாற்பது நாள், பிறகு கூட்டுப்புழுவாகப் பன்னிரண்டு நாள் போல. நடுவில் இலை வாடினாலோ பூஞ்சை பிடித்தாலோ எல்லாம் போச்சு. வெளிவந்த பூச்சிகள் கப்பலேறி மேரிக்கிடம் போயின. சிறு அந்துப்பூச்சிகளின் வாழ்க்கை வரலாறாக 1920-ல் ஃபிளெட்சர் வெளியிட்ட நூல் இப்படி வளர்த்ததன் பலன். பூச்சியின் பெயருக்குப் பின்னால் மேரிக் என்று வரும், இலை மாற்றியவர் பெயர் வராது. இந்த வழக்கம் எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை.

பெட்டியில் வளர்த்தவர்களுக்கு வேறொரு ஏமாற்றமும் இருந்தது. வாரக்கணக்கில் காத்திருந்தபின் அந்துப்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவி பறந்து வரும். பூச்சிக்காரருக்கு நஷ்டம், தென்னைக்காரருக்கு லாபம். புழுவைக் கொட்டி மயக்கி, அதன்மேல் முட்டையிட்டு, குஞ்சுகள் அதைத் தின்னும்வரை காவல் இருக்கும் ஒரு குளவிக்கு 1934-ல் 'நெஃபான்டிடிஸ்' என்று இனப்பெயர் கிடைத்தது. அதற்கு முன் 1921-லேயே இன்னொரு ஒட்டுண்ணிக் குளவிக்கும் அதே இனப்பெயர் சூட்டப்பட்டிருந்தது. நெஃபான்டிஸை வைத்து வந்த பெயர்கள்தான் இவை.

அந்துப்பூச்சி வாக்கர் வைத்த பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. விதிப்படி குளவியின் பெயரை மட்டும் மாற்ற முடியாது. இன்று ஆய்வகங்களில் அந்தக் குளவியை நெல் அந்துப்பூச்சியின் புழுவைத் தீனியாகப் போட்டு வளர்த்து, தென்னந்தோப்புகளில் விடுகிறார்கள். இல்லாமல் போன ஒரு பெயரைச் சுமந்துகொண்டு அது ஓலைக்கடியில் தேடிக்கொண்டிருக்கிறது.