நொய்யலில் கரைந்த உப்பு

திருப்பூர் என்றதும் பனியனும் டாலரும்தான் நினைவுக்கு வரும். ஊருக்கு நடுவே ஓடும் நொய்யல் கடைசியில்தான் வரும்!

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் ஏராளமாக. துணி கப்பலேறிவிடும், உப்பு ஆற்றுக்குப் போய்விடும். 1990-களில் வந்த பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் அழுக்கையும் ஓரளவு குறைத்தன. கரைந்த உப்பை அவற்றால் பிரிக்க முடியவில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது. அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளே "தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்றார்கள். (அணை கட்டிய நோக்கத்தையே இது தலைகீழாக்கிவிட்டது.)

நீதிமன்றம் போனவர்களும் அவர்கள்தான், வெளிநாட்டு பையர்கள் அல்ல. சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2006 உத்தரவை 2009-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்படியும் நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சுமார் 700 சாயப்பட்டறைகளை மூட உத்தரவானது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். ஆர்டர்கள் வேறு ஊர்களுக்குப் போயின.

அதன் பிறகுதான் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கும் கலன்களும் முழுமூச்சாக ஓடின. மீட்ட நீரும் உப்புக் கரைசலும் மறுபடி சாயத்தொட்டிக்கே போகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மின்கட்டணம் பட்டறைக்காரர் தலையில். பையரோ, ஆற்றில் கழிவை விடும் ஊரின் விலையோடு இந்த விலையை ஒப்பிட்டுப் பேரம் பேசலாம். தவிர, எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு மட்டும் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது.