முத்துராஜவெல: ஆய்வும் நிலக் கொள்கையும்

வத்தளைக்கு வடக்கே, கடலோர மணல்மேட்டுக்கும் நீர்கொழும்பு வீதிக்கும் இடையில், களனி கங்கையின் அண்மையிலிருந்து நீர்கொழும்புக் களப்பு வரை பரந்து கிடப்பது முத்துராஜவெலச் சதுப்பு நிலமாகும். இதன் பரப்பு ஏறத்தாழ 3,068 ஹெக்டேயர். களப்பையும் சேர்த்து நோக்கின் 6,000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட ஒரே நீர்த்தொகுதி இதுவெனலாம். ஒரு பிரதேசத்தின் நிலம் எவ்வாறு பயன்படுத்தப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் ஆய்வுக்குரிய இடம் யாது என்ற வினாவுக்கு, இந்நிலத்தின் வரலாறு தக்கதொரு விடையைத் தருகின்றது.

‘வெல’ என்னும் சிங்களச் சொல் வயலைக் குறிப்பதாகும். கோட்டை அரசர் காலத்தில் இது நெல் விளைந்த பூமி என்பதற்குப் பெயரே சான்று பகர்கின்றது. ஒல்லாந்தர் வணிகப் போக்குவரத்தை முதன்மையாகக் கருதிக் கால்வாய் வெட்டியபோது, அதன் வழியே கடல்நீர் உட்புகுந்து வயல்களை உவராக்கியது. பின்வந்த ஆங்கிலேயர், அவ்வுவர்நீரை வடித்து நிலத்தை மீட்கக் கருதி 1802 தொடக்கம் 1804 வரை மற்றொரு கால்வாயை அமைத்தனர். வருவாய் அதிகாரியாக விளங்கிய கவின் ஹமில்டனின் பெயரால் அது இன்றும் வழங்குகின்றது. கால்வாய் நிலைத்தது; வயல் மீளவில்லை. நீரின் போக்கையும் மண்ணின் இயல்பையும் முன்னரே ஆராயாது மேற்கொள்ளப்பட்ட இரு முயற்சிகள், நூற்றாண்டுகள் கடந்தும் மாறாத விளைவை விட்டுச் சென்றன.

1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவின் எல்லைக்குள் இப்பிரதேசமும் அடங்கிற்று. முதலீட்டையும் கைத்தொழிலையும் வளர்ப்பதே அவ்வாணைக்குழுவின் பணி. தலைநகருக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் இடையே கிடந்த சதுப்பு நிலம், நிரப்பப்பட வேண்டிய வெற்று நிலமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும், நெதர்லாந்தின் உதவியுடன் நீரியல், தாவரம், விலங்கினம், மீன்பிடி, குடியிருப்பு ஆகிய யாவும் ஆராயப்பட்டு, 1991இல் சுற்றாடல் விபரத்தொகுப்பும் பெருந்திட்டமும் வெளியிடப்பட்டன. அத்திட்டம் நிலத்தைப் பாதுகாப்பு வலயம், இடைத்தடுப்பு வலயம், கலப்பு நகர வலயம், குடியிருப்பு வலயம் எனப் பகுத்தது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பே. அபிவிருத்தியை நாடும் நிறுவனமே பணித்த ஆய்வைச் சுயாதீனமானது எனக் கொள்ளலாமா? செலவை ஏற்பவர் யார் என்பது முக்கியமானதுதான். ஆனால் அது மட்டும் அளவுகோலாகாது. பணித்தவரின் விருப்புக்கு மாறான முடிவைக் கூறவும், அதனை வெளியிடவும் ஆய்வாளருக்கு இடமிருந்ததா என்பதே பெரிதும் நோக்கற்பாலது. கைத்தொழிலுக்கென அமைந்த ஓர் ஆணைக்குழுவின் பெயரிலேயே, சதுப்பின் பெரும்பகுதி தொடப்படலாகாது என்னும் முடிவு வெளிவந்தது.

அதன் பயனும் கிட்டியது. 1996இல் வடபகுதியின் 1,777 ஹெக்டேயர் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தென்பகுதியின் கதை வேறு. வத்தளையை அடுத்த கெரவலப்பிட்டியவில் கடல் மணல் கொட்டி நிலம் நிரப்பப்பட்டது. பின்னர் அங்கு மின் நிலையமும் எழுந்தது. 2013இல் திறக்கப்பட்ட கொழும்பு - கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் இச்சதுப்பின் ஊடாகவே செல்கின்றது.

2003இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வெளியிட்ட பொருளியல் ஆய்வொன்று, இந்நிலம் ஆண்டுதோறும் ஆற்றும் பணிகளின் பெறுமதி ஏறத்தாழ 72.6 கோடி ரூபா என மதிப்பிட்டது. இதில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத் தடுப்புக்கு உரியது. தண்டுகம் ஓயா, களனி கங்கை முதலியவற்றின் பெருக்கைத் தேக்கி மெல்ல மெல்ல விடுவிக்கும் பணியை இந்நிலம் ஊதியமின்றிச் செய்து வந்தது. கழிவுநீரைத் தூய்மையாக்குதல் அடுத்த பெரும் பங்கைப் பெற்றது. மீனும் விறகும் கணக்கில் சிறியனவாயினும், வறிய குடும்பங்களுக்கு அவையே வாழ்வாதாரமாயின. எனினும் இக்கணக்கு எழுதப்பட்டது பெருந்திட்டம் வெளியாகிப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரே. நகர வலயமென முன்னரே வகுக்கப்பட்ட தென்பகுதிக்கு அது காலங்கடந்த சான்றாயிற்று.

கல்கத்தாவின் அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. அந்நகரின் கிழக்கேயுள்ள ஈரநிலங்கள் நகரக் கழிவுநீரைக் கொண்டே மீனும் காய்கறியும் விளைவிப்பதைத் துருபஜோதி கோஷ் என்னும் பொறியியலாளர் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்நிலத்தின் மாற்றத்தைக் கட்டுப்படுத்தியது. 2002இல் அது ராம்சார் சாசனத்தின் கீழ் இடம்பெற்றது. நிரப்பும் திட்டங்கள் முற்றுப்பெறுமுன்னரே ஆய்வு நீதிமன்றத்தை எட்டியமை அங்கு வாய்த்த நற்பேறாகும்.

ஆய்வு தானாகவே நிலத்தைக் காப்பதில்லை. அது உரிய காலத்தில் வெளிவருதல் வேண்டும். வரவு செலவுக் கணக்கில் விடுபட்டவற்றை எண்ணிக் காட்டுதல் வேண்டும். அந்நிலத்தில் வாழ்வோர் விளங்கிக்கொள்ளும் மொழியில் அவர்களைச் சென்றடைதலும் வேண்டும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்துத் தாழ்நிலக் குடியிருப்புகளை மூழ்கடித்தபோது, நீருக்கு இடம் விடாத நிலக் கொள்கையின் விலை யாவர்க்கும் புலனாயிற்று. அவ்விலையை வெள்ளம் வருமுன் கணக்கிட்டு, தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைப்பது இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.