இரத்தமும் சான்றிதழும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டார இருளரை முன்வைத்து மனித மரபணு ஆய்வின் அறக் கேள்விகள்

1. பொருளும் எல்லையும்

சைமன்ஸ் மரபணுப் பன்மைத் திட்டத்தின் கட்டுரை 2016-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. உலகின் 142 மக்கட்குழுக்களைச் சேர்ந்த 300 பேரின் முழு மரபணுத்தொகுதி அதில் ஆராயப்பட்டது. அந்த 142 குழுக்களில் இருளரும் உண்டு. 2018-இல், சிந்துவெளிக் காலத்து ராக்கிகடி எலும்புக்கூட்டின் மரபணு பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அப்போது ஆய்வாளர் நீரஜ் ராய் ஒப்புமைக்கு எடுத்துச் சொன்ன பெயரும் நீலகிரி இருளர்தான். ஆரியர் வந்தார்களா, சிந்துவெளி யாருடையது என்ற பெரும் வழக்கில் இருளர் இரத்தம் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது.

அதே ஆண்டுகளில் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலக வாசலில், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் கேட்டு மனுவும் கையுமாக இருளர் நின்றுகொண்டிருந்தார்கள். "நீ இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பது அங்கே கேட்கப்படும் கேள்வி.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையிலுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள். நகலாக்கம், விரும்பிய நிறத்தில் குழந்தை போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை நம் ஏரிக்கரைக் குடிசைக்கு வந்து சேர நாளாகும். ஒரு சமூகத்தின் உடலிலிருந்து எடுத்த செய்தி யாருக்குச் சொந்தம், அது யார் கைக்குப் போகும், அதை வைத்து 'நீ யார்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விகள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டன.

2. ஒரு பெயர், இரண்டு நிலம்

ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணையில் 'இருளா' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்று கேட்டால் சிக்கல் தொடங்கும். நீலகிரி இருளருக்குத் தனி மொழி உண்டு. செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் அம்மொழியை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பக்கத்து இருளர் பேசுவது தமிழ். மலைக்காரருக்குத் தேனும் தோட்டவேலையும். இவர்களுக்கு அறுப்பு முடிந்த வயலில் எலி வளை தோண்டுவது, மரம் வெட்டுவது, அரிசி ஆலை, செங்கல் சூளை. 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலே நீலகிரி இருளரையும், செங்கல்பட்டு, ஆர்க்காட்டுச் சமவெளி இருளரையும் பிரித்துத்தான் எழுதுகிறது. தலையையும் மூக்கையும் அளந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர் அவர். அவர் பிரித்துக் காட்டியதை அடுத்த நூற்றாண்டின் கணினி அட்டவணை ஒரே வரியில் சேர்த்துவிடுகிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு இருளர் 1,89,661 பேர். மாநிலத்தின் அட்டவணைப் பழங்குடிகளில் பெரிய குழுக்களில் ஒன்று. 300 பேரை 142 குழுக்களுக்குப் பகிர்ந்தால் சராசரியாகக் குழுவுக்கு இருவர். மானுட வரலாற்றை எழுத அது போதும் என்பது வல்லுநர் வாதம். அவர்கள் கேட்கும் கேள்விக்கு அது போதவும் கூடும். ஆனால் அந்த இருவரைப் பற்றிய செய்தி மொத்தச் சமூகத்தின் பெயரில் வெளியாகிறது. ஆய்வகத்தில் மாதிரிக் குப்பியின் மேல் ஒட்டும் பெயர், குப்பிக்கு வெளியே நிற்கும் எல்லோர் மேலும் ஒட்டிக்கொள்கிறது.

பெயர் எவ்வளவு வழுக்கலானது என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி பேருந்தில் ஒரு மணி நேரப் பாடு. மாநில எல்லைக்கு இப்புறம் இருளர் அரசமைப்பு ஆணைப்படி அட்டவணைப் பழங்குடி. அப்புறம் போய்க் குடியமர்ந்தவரும், அங்கேயே வழிவழியாக வாழ்ந்தவரும் 2016 வரை பழங்குடிப் பட்டியலில் இருக்கவில்லை, ஏனென்றால் புதுச்சேரிக்கு அப்படி ஒரு பட்டியலே அதுவரை இருந்ததில்லை. 2016 டிசம்பர் 22-ஆம் நாள்தான் வில்லி, வேட்டைக்காரன் ஆகியோரையும் உள்ளடக்கிய இருளர் அங்கே பழங்குடி ஆனார்கள். கொண்டு கொடுத்த உறவு எல்லையின் இரு பக்கமும் ஓடுகிறது. சட்டத்தின் கண்ணில் அக்காள் பழங்குடியாகவும் தங்கை பழங்குடி அல்லாதவளாகவும் இருந்தார்கள். எந்த மரபணுச் சோதனையாலும் இந்த எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

3. சான்றிதழின் அளவுகோல்

தமிழ்நாட்டில் 1989 நவம்பர் 11 முதல் பழங்குடிச் சான்றிதழ் தரும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்கு மாறியது. போலிச் சான்றிதழைத் தடுப்பது நோக்கம். நோக்கத்தைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கூலிக்குப் போகிறவருக்கு அலுவலகம் ஒரு படி தள்ளிப் போயிற்று. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வேலையில் பெரும்பங்கு இந்தப் படியைத் தாண்டவைப்பதிலேயே கழிந்திருக்கிறது.

குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், பழங்குடி என உரிமை கோருபவரின் குலதெய்வம், சடங்கு, திருமண முறை, ஈமக்கடன், அடக்கம் செய்யும் விதம் ஆகியவற்றை விசாரித்து அறியலாம் என்று வழிகாட்டியது. இதற்கு 'ஒப்புமைச் சோதனை' என்று பெயர். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். மணலில் சேலைகளைக் கட்டிக் கூடாரம் அடித்து, பௌர்ணமி இரவு முழுக்கத் தங்கி, விடியலில் கன்னியம்மனுக்குப் படையல் வைத்து, அங்கேயே பெண்ணுக்கும் பிள்ளைக்கும் தாலி கட்டுகிறார்கள். ஒப்புமைச் சோதனைக்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. ஆனால் பேருந்துச் செலவுக்குக் காசில்லாமலோ, சூளை முதலாளி விடுப்புத் தராததாலோ மூன்று தலைமுறையாக மாமல்லபுரம் போகாத குடும்பம் என்ன செய்யும்? பாம்பு பிடிக்கும் மரபுத் தொழில் தெரியாத இருளர், அது தெரியாததாலேயே இருளர் அல்லாதவர் ஆகிவிடுவாரா?

2023 மார்ச்சில் மகாராஷ்டிரத் தாக்கூர் பழங்குடி அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றமே, ஒப்புமைச் சோதனை எல்லாவற்றையும் முடிவுசெய்யும் உரைகல் அல்ல என்று தெளிவாக்கியது. நல்ல தீர்ப்பு. என் கவலை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. வழக்கங்களை நம்ப முடியாது என்றானபின், 'நடுநிலையான அறிவியல்' ஒன்று வந்து கதவைத் தட்டினால் நிர்வாகம் மகிழ்ச்சியாகத் திறக்கும். ஒரு சொட்டு இரத்தம், ஒரு விழுக்காட்டு எண், கோப்பு முடிந்தது. இன்று அப்படி ஒரு விதி இல்லை. வரக்கூடாது என்பதற்கான காரணங்களை இப்போதே எழுதி வைப்பது நல்லது.

முதற் காரணம் மரபணுவியலே தருவது. 2009-இல் டேவிட் ரெய்க், குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் இந்தியாவின் 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்தனர். இந்தியாவின் பெரும்பாலான குழுக்கள் இரண்டு தொல் மூதாதை மரபுகளின் வெவ்வேறு அளவுக் கலப்பு என்று கண்டார்கள். 2013-இல் வந்த தொடர் ஆய்வு, அக்கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகள் முதல் 1,900 ஆண்டுகள் முன்புவரை நடந்து, பிறகு அகமண முறை இறுகியது என்றது. சாதிக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த வழக்கம் அளவில் வேறுபாட்டை உண்டாக்கியதே தவிர, 'தூய' குழு எதையும் உண்டாக்கவில்லை. விழுக்காட்டில் எங்கே கோடு போடுவது? எங்கே போட்டாலும் அது எழுதுகோல் பிடித்தவரின் கோடு.

இரண்டாவது காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2012-இல் ரமேஷ்பாய் தாபாய் நாயகா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெற்றோரில் ஒருவர் பழங்குடி, மற்றவர் வேறு சாதி என்றால் பிள்ளை எந்தச் சூழலில் வளர்ந்தது, எந்த இழிவைச் சுமந்தது என்று பார்க்கச் சொன்னது. தாயின் குடிசையில் வளர்ந்து, தாயோடு சூளையில் கல் அறுத்த பிள்ளைக்கு அது போதுமான நியாயம். வளர்ப்பையும் அவமானத்தையும் காட்டும் மரபணு எதுவும் கிடையாது.

4. பரம்பரை என்ற சொல்

1871-இல் வந்து 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட சட்டத்தைத் தமிழில் 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்றார்கள். ஆங்கிலப் பெயரில் குலம்தான் உண்டு. பரம்பரை என்ற சொல்லைச் சேர்த்தது தமிழ். சட்டத்தின் உள்ளர்த்தத்தை மொழிபெயர்ப்பு போட்டு உடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். குற்றம் இரத்தத்தில் இறங்கிவருவது என்பதே அதன் அடிப்படை. பழைய தென்னாற்காட்டிலேயே அஜீஸ் நகரில் இச்சட்டத்தின்கீழ் ஒரு குடியேற்றம் இயங்கியது. மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீங்கியது. சந்தேகம் நீங்கவில்லை. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே இருளர் குடும்பங்களைக் காவலர் அழைத்துப் போனதும், நான்கு பெண்கள் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்ததும் நாடறிந்த செய்தி.

இந்த நினைவு உள்ள குடியிருப்பில், 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் வேறு அர்த்தம் பெறுகிறது. கைரேகையோடு உயிரியல் மாதிரிகளையும் அவற்றின் பகுப்பாய்வையும் சேகரித்து, பதிவை 75 ஆண்டு வைத்திருக்க அது வழிசெய்கிறது. மரபணுத் தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. ஆக, சேகரிக்கச் சட்டம் இருக்கிறது. மரபணுத் தரவு வங்கியைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் இல்லை. ஊரில் திருட்டு நடந்தால் முதலில் ஏரிக்கரைக் குடிசைக்கு வண்டி வரும் வழக்கம் தொடரும்வரை, வங்கியில் யார் மாதிரி மிகுந்து சேரும் என்று ஊகிக்கப் புள்ளியியல் தேவையில்லை. மரபணு குடும்பத்தையும் காட்டிக்கொடுக்கும். அண்ணனின் மாதிரி, கைதாகாத தம்பியையும் பட்டியலுக்குள் இழுத்துவரும்.

5. சம்மதம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 அறநெறி வழிகாட்டுதல் நன்றாகவே எழுதப்பட்டது. பழங்குடியினரை நலிவுக்குள்ளாகக்கூடியோர் என வகைப்படுத்துகிறது. தனிநபர் ஒப்புதலோடு, தேவையான இடத்தில் சமூகத்தின் இசைவையும் கேட்கச் சொல்கிறது. தாளில் உள்ளது குடிசை வாசலில் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

ஊதா மூடிக் குழாய், பஞ்சு, ஊசி, அச்சடித்த படிவம், மைப்பெட்டி. படிவத்தில் 'மரபணுத்தொகுதி', 'தரவுத்தளம்', 'எதிர்கால ஆய்வு' என்று இருக்கும். படிவம் தமிழில் இருப்பதால் மட்டும் புரிந்துவிடாது. வந்தவர் வாகனத்தில் அரசு முத்திரை. கூட வந்தவர் கிராம நிர்வாக அலுவலர். பின்னால் கைகட்டி நிற்பவர் முன்பணம் கொடுத்து வைத்திருக்கும் முதலாளி. இந்த மூவர் முன்னால் யார் 'மாட்டேன்' என்று சொல்வார்? அந்த இடத்தில் எழக்கூடிய கேள்வியும் ஒன்றுதான்: "ரத்தம் குடுத்தா எஸ்.டி. சர்டிபிகேட் கிடைக்குமா சார்?" இதற்கு நேரான பதில் 'கிடைக்காது'. அதைச் சொல்லாமல் சிரித்து நகரும் ஆய்வாளர் வாங்கியது கைநாட்டு மட்டுமே, சம்மதம் அல்ல.

கேட்டது ஒன்று, செய்தது ஒன்று என்றால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஹவசுப்பாய் பழங்குடியினர் காட்டினார்கள். 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் நீரிழிவு ஆய்வுக்கென்று வாங்கிய இரத்தத்தில் மனப்பிணி, உள்மண விகிதம், குடிபெயர்ச்சி வரலாறு எல்லாம் தேடினார்கள். அந்தக் குடிபெயர்ச்சி ஆய்வு அவர்களின் தோற்றக் கதையையே மறுத்தது. 2010-இல் 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் இழப்பீடும், மிச்சமிருந்த இரத்தமும் திரும்பக் கிடைத்தன. நம் நாட்டில் திருப்பிக் கேட்க எந்த அலுவலகத்துக்கு மனுப் போடுவது?

6. பயன்

1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நஞ்செடுத்து விற்கிறது. நாகத்தின் நஞ்சுக்கு விலை உண்டு, பிடித்தவருக்குக் கூலி உண்டு, நஞ்செடுத்த பாம்பைக் காட்டில் திரும்ப விடும் ஒழுங்கும் உண்டு. கேரளத்தின் காணிக்காரர் சொன்ன செடியிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தபோது, உரிமக் கட்டணத்தில் அவர்களுக்குப் பாதிப் பங்கு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இந்தப் பங்கைச் சட்டமாக்கியது. ஆனால் 'உயிரியல் வளம்' என்பதற்கு விளக்கம் தரும்போதே மனித மரபணுப் பொருளை விலக்கிவிட்டது. மனித உடலைச் சரக்காக்கக் கூடாது என்ற விலக்கு நியாயமானதுதான். அதன் பலன், பாம்புக்கும் செடிக்கும் உள்ள ஏற்பாடு அவற்றை அறிந்த மனிதருக்கு இல்லை என்பது.

பணம் கொடுப்பது பதிலாகாது. ஏழையிடம் பணம் நீட்டினால் சம்மதம் இன்னும் கெடும். பயன் என்றால் மருத்துவம், அறிவு, முடிவெடுக்கும் இடத்தில் ஒரு நாற்காலி. 83 மக்கட்குழுக்களின் 10,000 மரபணுத்தொகுதிகளைத் திரட்டிய ஜீனோம் இந்தியா தரவு, 2025 ஜனவரி முதல் பரிதாபாத்திலுள்ள தரவு மையம் வழியாக ஆய்வாளருக்குக் கிடைக்கிறது. யாருக்குத் தரலாம் என்று முடிவுசெய்யும் மேசையில், மாதிரி கொடுத்த சமூகங்களும் உட்கார வேண்டும்.

7. நோய்ச் செய்தி

1952-இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு நோயின் கூற்றைக் கண்டறிந்தார்கள். அன்றைய கட்டுரைகளில் அது உடனே இனவாதப் பேச்சாகவும் ஆனது. 'வெட்டாய்டு' இனத்தின் அடையாளம் என்ற அளவுக்குப் போனார்கள். நோயாளிக்கு மருத்துவம் வர வெகுகாலம் ஆயிற்று. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் கைகோத்து நடப்பது பிற்காலத்து நல்ல கதை.

2023 ஜூலை 1-இல் தொடங்கிய தேசிய இயக்கம் 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதித்து, 2047-க்குள் நோயை ஒழிக்க விரும்புகிறது. சோதித்தவருக்கு அட்டை தரப்படும். கூறு தாங்கிய இருவர் மணந்தால் ஒவ்வொரு பேறிலும் நோய்க்கு நான்கில் ஒரு வாய்ப்பு. ஒருவர் மட்டும் தாங்கினால் பிள்ளைக்கு நோய் வராது. இந்த எளிய கணக்கைச் சொல்லாமல் அட்டையை மட்டும் நீட்டினால், அது இன்னொரு ஜாதகம் ஆகிவிடும். அதுவும் பெண் வீட்டு அட்டையை மட்டும் மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் ஜாதகம். மலையின் விகிதத்தைச் சமவெளிக்கு அப்படியே ஏற்றிவைத்து 'இருளர் என்றாலே நோய்' என்று எழுதுவதும் இதே தவறின் மறுபக்கம்.

8. திண்டிவனத்தில் ஓர் ஆய்வு என்றால்

அது எப்படி நடக்க வேண்டும்? அலுவலரும் முதலாளியும் இல்லாத நேரத்தில், பெண்களும் பேசக்கூடிய கூட்டத்தில், இரண்டு முறை விளக்க வேண்டும். முதல் முறை கைநாட்டு வாங்கக் கூடாது. சான்றிதழுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். காவல்துறைக்குத் தரவு போகாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்க முடியாதென்றால் ஆய்வே வேண்டாம். அட்டவணையில் 'இருளர்' என்று மொத்தமாகப் போடாமல் எந்த வட்டாரத்து இருளர் என்று குறிக்க வேண்டும். நோய் தெரியவந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்பது இரத்தம் எடுக்கும் முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும்.

முடிவுகளையும் குடியிருப்புக்கே வந்து வாசிக்க வேண்டும். நாள் குறிக்கும்போது கவனம். தை பிறந்ததும் சூளைக்குப் புறப்படும் குடும்பங்கள் மழை எட்டும்வரை ஊர் திரும்பா. பங்குனியில் போனால் குடிசைகளில் கிழவிகளும் நாய்களும்தான் இருப்பார்கள். போக வேண்டிய மாதம் ஆடி, ஆவணி.