தரையில் பள்ளமா, வெறும் பெயிண்டா? முப்பரிமாண ஓவியம் நம் கண்ணை ஏமாற்றுவது எப்படி?

நடைபாதையில் பெரிய பள்ளம். அதன் விளிம்பில் ஒருவர் பயந்துகொண்டே நிற்கிறார். இப்படி ஒரு படத்தை இன்ஸ்டகிராமில் நீங்களும் பார்த்திருப்பீங்க. உண்மையில் அங்கே பள்ளம் கிடையாது. தட்டையான தரையும் கொஞ்சம் சாயமும்தான்.

பீடோர் போன்ற சிறு நகரத்தில், பள்ளித் திடலிலோ கோயில் வளாகத்திலோ இதை வரைய முடியுமா? முடியும். ஆனால் அதற்குக் கொஞ்சம் கணக்கு தெரியணும், அனுமதியும் வாங்கணும்.

இது புதுசா?

இல்லை. 1533இல் ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த 'தூதர்கள்' ஓவியத்தின் கீழ்ப்பகுதியில் நீளமாக ஏதோ இழுத்துவிட்டது போல ஓர் உருவம் இருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது மண்டையோடு! இந்த உத்திக்கு 'அனமார்போசிஸ்' என்று பெயர். ஒரே ஓர் இடத்திலிருந்து பார்க்கும்போது மட்டும் உருவம் சரியாகத் தெரியும்.

நாசாவில் ஓவியராக வேலை செய்த அமெரிக்கர் கர்ட் வென்னர், 1980களில் இத்தாலியத் தெருக்களில் சாக்குக்கட்டியால் இதே உத்தியில் வரையத் தொடங்கினார். இன்று நாம் பார்க்கும் தெரு ஓவியங்களுக்கு அவர்தான் முன்னோடி.

கண் எப்படி ஏமாறுது?

தூரத்தில் உள்ளது சிறிதாகத் தெரியும் என்பது நம் மூளைக்குப் பழக்கம். ஓவியர் அதையே திருப்பிப் போடுகிறார். தூரத்தில் இருக்கும் பகுதியை வேண்டுமென்றே நீளமாகவும் அகலமாகவும் வரைகிறார்.

ஒரு கணக்கு பார்ப்போம். உங்கள் கண் தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2 மீட்டர் தள்ளி 50 சென்டிமீட்டர் உயரப் பெட்டி நிற்பது போலக் காட்டணும். அப்படியென்றால் பெட்டியின் முன்பக்கத்தைத் தரையில் 1 மீட்டர் நீளத்துக்கு வரைய வேண்டும். மேல்விளிம்பின் அகலம் கீழ்விளிம்பைப் போல ஒன்றரை மடங்கு. பெட்டியின் உயரம் 1 மீட்டர் என்றால், ஓவியத்தின் நீளம் 4 மீட்டர் ஆகிவிடும். மேல்விளிம்பு 3 மடங்கு அகலமாகும். உயரம் கூடக் கூட இடம் நிறைய வேண்டும். முதல் முயற்சிக்குச் சின்ன உருவம் நல்லது.

நேரில் பார்க்கும்போது நம் இரு கண்களும் சேர்ந்து 'இது தட்டைதான்' என்று கண்டுபிடித்துவிடும். கைபேசி கேமராவுக்கு ஒரே கண். அதனால்தான் நேரில் பார்ப்பதைவிடப் படத்தில் இது நிஜமாகத் தெரிகிறது.

சரி, எப்படி வரைவது?

1. பார்க்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கே கண் உயரத்துக்கு ஒரு குச்சியை நட்டு, உச்சியில் கயிறு கட்டுங்கள்.

2. ஓவியம் வர வேண்டிய இடத்தில் ஓர் அட்டைப்பெட்டியை வையுங்கள். கயிற்றை நேராக இழுத்து, பெட்டியின் மேல்மூலையைத் தொட்டபடி தரை வரை கொண்டு போங்கள். கயிறு தரையைத் தொடும் இடத்தில் புள்ளி வையுங்கள். தெரியும் எல்லா மூலைகளுக்கும் இப்படியே.

3. பெட்டியை எடுத்துவிட்டு, புள்ளிகளைச் சேருங்கள். தீபாவளிக்குப் புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது கஷ்டமே இல்லை. புள்ளிகளின் இடைவெளி மட்டும் தூரம் போகப் போகக் கூடும்.

4. நிழலை மறந்துடாதீங்க. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருவது போல எல்லா நிழலும் இருக்கணும். நிழல் இல்லையென்றால் பெட்டி மிதப்பது போலத் தெரியும்.

சாக்குக்கட்டி என்றால் பேராக்கின் ஒரு மாலை மழை போதும், எல்லாம் போச்சு. பயிற்சிக்கு அதுவே வசதி.

நம்ம ஊரில் இதற்கு உதாரணம் உண்டா?

தரை ஓவியத்துக்கு நெருங்கிய உறவு, நம் சுவரோவியங்கள். லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸாக்கரேவிச் 2012இல் ஜார்ஜ்டவுனின் ஆர்மீனியன் சாலையில் வரைந்த சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் ஓவியம், சைக்கிள் நிஜம். 2014இல் ஓல்ட்டவுன் ஒயிட் காபி நிறுவனத்தின் ஆதரவில் ஈப்போ பழைய நகரத்திலும் அவர் வரைந்தார். பீடோரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

பெங்களூருவில் பாதல் நஞ்சுண்டசாமி 2019இல் விண்வெளி வீரர் உடையில் ஒருவரைக் குண்டும் குழியுமான சாலையில் நடக்கவிட்டுக் காணொளி எடுத்தார். பார்த்தவர்களுக்கு அது நிலா போலவே தெரிந்தது. காணொளி பரவியதும் அந்தச் சாலை சரிசெய்யப்பட்டது.

வண்டி ஓடும் சாலையில் வரையலாமா?

கூடாது. இந்தியாவின் அகமதாபாத்திலும் ஐஸ்லாந்தின் இசாஃப்யூர்தூர் நகரிலும் மிதப்பது போன்ற பாதசாரிக் கடவைகள் வரையப்பட்டன. வேகத்தைக் குறைக்க வைப்பதே நோக்கம். ஆனால் தினமும் அதே வழியில் போகிறவருக்கு அது சீக்கிரமே பழகிவிடும். புதிதாக வருபவர் திடீரென பிரேக் போடலாம். மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் செல்பவர்கள். ஈரமான பெயிண்ட் மேல் அவர்கள் சக்கரம் வழுக்கினால் என்ன ஆகும்?

யாரிடம் கேட்பது?

பள்ளி என்றால் தலைமையாசிரியர், கோயில் என்றால் நிர்வாகம். பீடோர் நகரின் பொது நடைபாதைக்குத் தாப்பா மாவட்ட மன்றம். வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள். 2013இல் ஜொகூர் பாருவில், திருடன் ஒருவன் கத்தியுடன் காத்திருப்பது போல ஸாக்கரேவிச் வரைந்த சுவரோவியத்தை மாநகர் மன்றம் வெள்ளையடித்து அழித்தது. உலகப் புகழ் பெற்றவருக்கே அந்த நிலைமை.

வரைந்து முடித்ததும் பார்க்கும் இடத்தில் இரண்டு காலடித் தடங்களையும் வரைந்துவிடுங்கள். எங்கே நிற்கணும் என்று தெரியாவிட்டால், பார்ப்பவருக்கு அது கோணல்மாணலான கோடுகளாகத்தான் தெரியும்.